மூடிய சந்து

செலியமேட்டில் சிங்காரவேலு கட்டிய கரும்பு சாயாது என்று ஒரு பேர் உண்டு. கரும்பு ஆளுயரம் தாண்டிவிட்டால் காற்றுக்குப் படுத்துவிடும். அதற்காகப் பக்கத்துப் பக்கத்து வரிசை இரண்டை ஒன்றையொன்று பார்க்க வளைத்து, காய்ந்த தோகையையே கயிறாக முறுக்கிக் கட்டிவிடுவார்கள். கட்டினபிறகு அந்த இரண்டு வரிசைக்கு நடுவிலுள்ள சந்து கூரை போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். அடுத்த சந்து திறந்திருக்கும், அதற்கடுத்தது மறுபடி மூடியிருக்கும். தண்ணீர் பார்க்கப் போனாலும் எலி பார்க்கப் போனாலும் திறந்த சந்தில்தான் நடப்பார்கள். மூடிய சந்துக்குள் வெட்டு வருகிற வரைக்கும் மனுசக் கால் படாது. அங்கே போக யாருக்கும் ஒரு காரியமும் இல்லை.

தம்பி பலராமனின் கட்டு வேறு ரகம். மனசு எங்கேயோ சுற்றும், கை மட்டும் வேலை செய்யும். "இன்னாடா இது, பொட்டப் புள்ளைக்கு ரிப்பன் கட்ற மாதிரி" என்று அண்ணன் பின்னாலேயே வந்து அவிழ்த்து மறுபடி இறுக்குவான். "நீ கட்னா கரும்பு மூச்சே வுட முடியாதுண்ணா" என்பான் தம்பி. இந்தச் சண்டை வருஷா வருஷம் நடக்கும். கடைசியில் கரும்புக் கொல்லை முழுக்க அண்ணன் கட்டாகத்தான் நிற்கும்.

சண்டை என்று சொன்னேனே தவிர, அவனைவிட்டால் சிங்காரவேலுவுக்கு வேறு யாரும் இல்லை. பலராமனைப் பெற்ற கையோடு தாய் போய்விட்டாள். கொஞ்ச நாளில் தகப்பனும் போனார். அண்ணன் தோளிலும், பிறகு வந்த அண்ணி தையலம்மாள் இடுப்பிலுமாக வளர்ந்தவன் அவன். அவர்களுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. பிறக்கவில்லையே என்று அவர்கள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததுமில்லை. மீசை முளைத்து, கரியமாணிக்கத்தில் பெண் பார்த்துப் பேசி முடித்தபிறகும், சாப்பிட உட்கார்ந்தால் அண்ணன் தட்டிலிருந்து மீன் எடுக்கிறவனாகத்தான் இருந்தான்.

அந்த வருஷம் பாகூர்ப் பக்கம் கரும்பிலெல்லாம் தத்துப்பூச்சி விழுந்தது. தோகையைத் தொட்டால் கை முழுக்கப் பிசுபிசுவென்று ஒட்டும். ஆளை விட்டு மருந்தடித்துத் தீராது என்று சர்க்கரை ஆலைக்காரர்கள் விமானத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். சின்ன விமானம். புதுச்சேரி விமான மைதானத்திலிருந்து கிளம்பி வந்து, பனைமரத்துக்கும் கீழே இறங்கி, கரும்புத் தலையை உரசுகிற மாதிரிப் பறந்து மருந்தைத் தூவிவிட்டுப் போகும். அதற்கு வழி காட்டக் கொல்லையின் இரண்டு கோடியிலும் ஆள் வேண்டும். மூங்கிலில் வெள்ளைத் துணியைக் கட்டி ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கொடிக்கு நேராக விமானம் வந்து போனதும், சில அடி தள்ளிப் போய் அடுத்த வரிக்குக் கொடி காட்ட வேண்டும். இந்த வேலைக்குப் பலராமன் முதல் ஆளாகப் போனான். மருந்து தலையில் கொட்டும், வாயெல்லாம் பல்லாக நிற்பான். கரும்பு கட்டும்போது எங்கேயோ சுற்றிய மனசு கொடி பிடிக்கும்போது ஓர் அங்குலம் நகரவில்லை.

முதல் கூலியில் அண்ணனுக்குச் செருப்பு வாங்கி வந்தான். லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு, மேலே சிவப்பு வார். சிங்காரவேலு அதுவரை செருப்புப் போட்டதில்லை.

"காலக் கடிக்குதுடா."

"கடிக்கட்டும்ணா, பழகிடும். கழட்டி மூலையில போட்டன்னா தெரியும் சேதி."

கடித்தாலும் போட்டுக்கொண்டான். தம்பி பார்க்கிறானா என்று பார்த்துப் பார்த்து நடந்தான்.

விமானம் ஓட்டியவன் வடக்கத்திக்காரன். தமிழ் தெரியாது, ஆனால் பலராமனோடு எப்படியோ பேச்சு நடக்கும். வேலை முடிகிற அன்றைக்கு உன்னை மேலே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டான். பலராமன் வீட்டுக்கு வந்து சொன்னபோது சிங்காரவேலு ஒரே வார்த்தையில் முடித்தான்.

"கரும்பு நடறவனுக்கு ஆகாசத்துல இன்னாடா வேலை? பொத்தினு கெட."

பலராமன் எதிர்த்துப் பேசவில்லை. சாப்பாட்டில் மட்டும் கை வைக்கவில்லை. இரண்டு வேளை போனதும் தையலம்மாள் புருஷனிடம் வந்தாள். "ஒருவாட்டி போய்ட்டு வரட்டுமே. கண்ணாலம் ஆயிட்டா அப்பறம் அவன் எங்க போவப் போறான்?" என்றாள். சிங்காரவேலு இளகிவிட்டான். இளகினவன் சும்மா இருந்திருக்கலாம்.

"போ. ஆனா நம்ம கொல்ல மேல வந்து கொடிய ஆட்டணும். நான் கீழருந்து பாக்கணும். ஆட்டலன்னா நீ போனதா நான் நம்பமாட்டேன்" என்றான்.

மறுநாள் விடிந்ததும் பலராமன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். சிங்காரவேலு கொல்லை வரப்பில் வந்து நின்றான். ஐப்பசி பிறந்த நேரம். மேகம் கீழே இறங்கி, ஏரிக்கரைப் பனைமரங்களின் தலையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மெட்ராஸிலிருந்து தெற்கே போகிற பெரிய விமானம் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் போகும். அது போகிற சத்தத்தைக் கேட்டு மோட்டார் போடுகிறவர்கள்கூட ஊரில் இருந்தார்கள். அதற்கும் தனக்கும் ஏதோ ஒரு நாள் சம்பந்தம் வரும் என்று யார் நினைப்பார்கள்?

சின்ன விமானம் வந்தது. வழக்கத்தைவிட உயரமாக வந்து, செலியமேட்டின் மேல் ஒரு வட்டம் அடித்தது. இரண்டாவது வட்டத்தில் ஜன்னல் பக்கம் வெள்ளையாக ஒன்று படபடத்தது. சிங்காரவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுற்றினான். "பாத்துட்டேன்டா, போடா" என்று கத்தினான். ஏதோ காதில் விழப்போகிற மாதிரி.

இன்னொரு சத்தமும் சேர்ந்து கேட்டது. சின்ன விமானம்தான் திரும்புகிறது என்று நினைத்தான். மேகத்தின் அடிவயிற்றிலிருந்து பெரிய விமானம் வெளியே வந்தது. அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு தாழ வந்தது என்று பிறகு பெரிய பெரிய ஆட்கள் வந்து விசாரித்தார்கள். அதெல்லாம் பிறகு. சிங்காரவேலு பார்த்தது இவ்வளவுதான்: வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருக்கும்போதே இரண்டும் ஒன்றாகின. பெரியதன் ஒரு பக்கம் பிய்ந்தது. புகையை இழுத்துக்கொண்டு சரிந்து சரிந்து ஏரிப் பக்கம் போனது. சின்னது ஓர் இறக்கை இல்லாமல், முருங்கை விதை சுற்றுகிற மாதிரிச் சுற்றிக்கொண்டே ஏரிக்கு எதிர்ப்பக்கம் கரும்புக்குள் இறங்கியது. ஏரிக்கரையில் வெடித்த சத்தம் உறுவையாறு வரைக்கும் கேட்டது என்பார்கள். கொல்லை வரப்பில் நின்றவனுக்கு அது கேட்கவே இல்லை. கையில் துண்டோடு ஓட ஆரம்பித்திருந்தான்.

ஊர் முழுக்க ஏரிப் பக்கம் ஓடியது. அங்கே தீ எரிந்தது, அங்கேதான் கூட்டமாக மனிதர்கள் விழுந்திருந்தார்கள். சிங்காரவேலு ஒருவன் எதிர்ப்பக்கம் ஓடினான். பக்கத்துக் கொல்லைக்காரன் கண்ணையன் அவனைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

விமானம் கண்ணையன் கரும்பில்தான் கிடந்தது. கண்ணையன் இன்னும் கரும்பு கட்டவில்லை. சாய்ந்து பின்னிக் கிடந்த கரும்பு மெத்தை மாதிரித் தாங்கியிருந்தது. மூக்கு மண்ணில் புதைந்திருந்தது. தீ பிடிக்கவில்லை, மருந்து வாடை மட்டும் கண்ணைக் கரித்தது. பைலட் இருக்கையிலேயே தலை தொங்கிக் கிடந்தான். தொட்டுப் பார்த்தார்கள், உயிர் இல்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கதவையே காணோம். இருக்கையடியில் மூங்கில் இரண்டாக முறிந்து, வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தது.

காலி இருக்கையின் இடுப்புப் பட்டையைக் கண்ணையன் தூக்கிக் காட்டினான். "மாமா, இத்த பாரு. அறுந்து போவல. கையால கழட்டியிருக்குது."

சிங்காரவேலு அந்தப் பட்டையை வாங்கிப் பார்த்தான். திரும்பத் திரும்ப மாட்டிக் கழற்றிப் பார்த்தான். கழற்றுவதற்குக் கை வேண்டும், கைக்கு உயிர் வேண்டும். தம்பி பிழைத்திருக்கிறான். எங்கேயோ இந்தக் கரும்புக்குள் இருக்கிறான். அடிபட்டு, பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறான். தேடி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நிமிஷத்தில் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மத்தியானத்துக்குள் போலீஸும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்காரர்களும் வந்தார்கள். ஆம்புலன்ஸ், லாரி, ஜெனரேட்டர் எல்லாம் வந்து நின்றது ஏரிக்கரையில். மருந்தடிக்கிற கம்பெனியின் மேனேஜர் மட்டும் கண்ணையன் கொல்லைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை. பைலட்டைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு சிங்காரவேலு சொன்னதைக் கேட்டதும் கண் காய்ந்துவிட்டது.

"விமானத்துல வேற ஆளே கிடையாதுய்யா. ஏத்தக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"நான் பாத்தேங்க. கொடிய ஆட்னான். இதோ கொடி கெடக்குது பாருங்க."

"கொடி எங்க சாமான். எப்பவும் உள்ளதான் இருக்கும்."

"அப்ப எந்தம்பி எங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? சினிமாவுக்குப் போயிருப்பான்."

கண்ணையன் குறுக்கே விழுந்து பிடிக்காவிட்டால் அன்றைக்கு அந்த வெள்ளைச் சட்டை கிழிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. மைதானத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்தார். பலராமனின் சைக்கிள் அங்கே வேலியோரம் நின்றிருந்தது. "ஏறினது உண்மைதான் போலருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கதவு இல்லயேப்பா. மேலேயே விழுந்திருப்பான். அவ்வளவு உயரத்துல விழுந்தா... ஏரியில ஆள விட்டுப் பாக்கச் சொல்றேன்" என்றார்.

"பெல்ட்டு கழட்டியிருக்குதுங்க."

"பயத்துல மேலேயே கழட்டியிருப்பான்."

எந்தச் சொல்லும் அவரிடம் எடுபடவில்லை. அரசாங்கம் ஏரியில் தேடப் போய்விட்டது. கரும்பில் தேடுவது சிங்காரவேலுவின் தலையில் விழுந்தது.

ஊரில் சும்மா இருந்தவர்களையெல்லாம் கண்ணையன் கூட்டி வந்தான். எல்லோரும் கரும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கண்ணையன் கொல்லையில் கரும்பை விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். கதவு மட்டும் கிடைத்தது. அடுத்தது சிங்காரவேலுவின் கொல்லை. ஆளுக்கொரு சந்தாகப் பிரிந்து, இந்தக் கோடியில் நுழைந்து அந்தக் கோடியில் வெளியே வந்தார்கள். "பலராமா, பலராமா" என்று ஒவ்வொரு சந்திலும் குரல் போனது. அதற்கப்புறம் சுப்புராயன் கொல்லை, அதற்கப்புறம் வாய்க்கால் தாண்டி. ஒரு சந்து விடவில்லை என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. நடக்கிற சந்து ஒன்றைக்கூட அவர்கள் விடவில்லை.

பொழுது சாயும் முன்னால் மழை பிடித்தது. கொட்டு கொட்டென்று கொட்டி, இருந்த தடத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போனது. ஆட்கள் கலைந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. தையலம்மாள் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வரப்பில் வந்து நின்றாள். கையில் தூக்குச்சட்டி இருந்தது.

"கஞ்சி குடிச்சிட்டுத் தேடுங்க."

"அவன் குடிச்சானா?"

அவள் சட்டியை வரப்பில் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். "நாந்தான போவச் சொன்னேன். நாந்தான அனுப்பனேன்" என்று அழுதாள். அவளைத் தேற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. கொடியை ஆட்டச் சொன்னது நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "வூட்டுக்குப் போ. வெளக்கு ஏத்தி வை. இட்டுனு வர்றேன்" என்றான்.

மழை விட்டதும் சிங்காரவேலு மறுபடி தன் கொல்லைக்குள் நுழைந்தான். ஏன் அங்கே என்று கேட்டால் காரணம் இல்லை. மற்றதெல்லாம் பார்த்தாகிவிட்டது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தோகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி, குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. புதுச் செருப்பில் சேறு அப்பி, அடிக்கு ஒரு தரம் காலை வழுக்கிவிட்டது. ஏரிக்கரையில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் அங்கே வரை கேட்டது.

பாதிக் கொல்லை போயிருப்பான். பக்கத்தில், கைக்கெட்டுகிற தூரத்தில், கரும்பு மடக்கென்று முறிந்தது.

நின்றான். இன்னொரு கரும்பு முறிந்தது. அப்புறம் மெல்லுகிற சத்தம், உறிஞ்சுகிற சத்தம்.

நரி. கரும்பு வைத்தவனுக்கு அந்தச் சத்தம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலமானால் நரி மூடிய சந்துக்குள் புகுந்து, அடிக்கரும்பாகப் பார்த்து முறித்துத் தின்னும். தன் கொல்லையோ பிறத்தியார் கொல்லையோ, சத்தம் கேட்டதும் கையில் கிடைத்ததை வீசி அதட்டுவது அந்தப் பக்கத்தில் சின்ன வயசிலிருந்து ஊறிய பழக்கம். யோசித்துச் செய்கிற காரியமில்லை. அன்றைக்கு அதோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. பெற்ற பிள்ளை மாதிரி ஒருத்தன் எங்கே செத்துக் கிடக்கிறானோ, உனக்குத் தின்னக் கரும்பு கேட்கிறதா? குனிந்தான். மண்ணெல்லாம் சேறாக இருந்தது, கட்டி அகப்படவில்லை. காலிலிருந்த செருப்பைக் கழற்றி, சத்தம் வந்த பக்கம் பலங்கொண்ட மட்டும் விட்டெறிந்தான். "ஏய், த்தூ... ஓடு" என்று கட்டின தொண்டையில் அதட்டினான்.

எதன் மேலோ சொத்தென்று பட்ட சத்தம் கேட்டது. மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது.

ஓடிவிட்டது என்று நினைத்தான். மற்றச் செருப்பையும் கழற்றி வரப்புப் பக்கம் எறிந்தான். செருப்பு யாருக்கு வேண்டும்? அங்கேயே சந்து நடுவில் சேற்றில் உட்கார்ந்து, இருட்டுகிற வரைக்கும் அழுதான். எழுந்து போகும்போது, "எங்கடா இருக்க, ஒரு சத்தம் குடுடா" என்று கடைசியாக ஒரு தரம் கேட்டான். எந்தச் சத்தமும் வரவில்லை.

மறுநாள் விடிந்தபோது ஊரே பிண வாடையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து காரிலும் பஸ்ஸிலுமாகச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார்கள். அடையாளம் தெரிந்தவர்கள் கதறினார்கள். தெரியாதவர்கள் பாடு அதைவிட மோசம். ஏரியில் ஒன்றும் கிடைக்கவில்லை, தேடினவரை போதும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். சிங்காரவேலு அவர் பேச்சுக்கு நிற்கவில்லை. கொல்லையைப் பார்க்கத் திரும்பினான். வெறுங்கால் முழுக்கத் தோகை அறுத்த கோடுகள். கண்ணையன் அரிவாளோடு கூடவே வந்தான். அவனுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் தனியாக விட மனசில்லை.

கொல்லை வரப்பில் ஒரு பொம்பிளை நின்றிருந்தாள். பட்டணத்து நைலக்ஸ் சேலை, முழங்கால் வரை சேறு. காலில் ஹீல்ஸ் செருப்பு, வைத்த காலை எடுக்க விடாமல் மண்ணில் புதைந்து நின்றது. அவள் பேர் ஜெயமணி. மெட்ராஸில் ஜவுளிக்கடை வைத்திருந்த சண்முகசுந்தரத்தின் மனைவி. அவர் கொள்முதலுக்காகத் தெற்கே போக அந்தப் பெரிய விமானத்தில் ஏறியவர். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பாயாகப் பார்த்துவிட்டு, தன் புருஷன் அங்கே இல்லை என்று சொல்லி, யாருக்கும் சொல்லாமல் கால் போன திசையில் நடந்து வந்திருந்தாள்.

"ஐயா, இந்தக் கரும்புக்குள்ளயும் ஆளுங்க விழுந்தாங்களா?"

"தெரியலம்மா. எந்தம்பிய தேடினு இருக்கேன்."

"நான் எங்க வீட்டுக்காரரைத் தேடறேன்" என்றாள். அதற்குமேல் ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்க என்ன இருக்கிறது?

"இதுக்குள்ள பாத்தாச்சா?" என்று கொல்லையைக் காட்டிக் கேட்டாள்.

"எல்லா சந்தும் பாத்தாச்சும்மா."

அவள் குனிந்து, கட்டின கரும்புக்கு அடியில் இருட்டாகத் தெரிந்ததைக் காட்டினாள். "இதையும் பாத்தீங்களா?"

"அது மூடின சந்தும்மா. அதுல யாரும் போவமாட்டாங்க."

சொன்னான். தன் வாயால் சொன்னான். சொன்னது அவனுக்கே உறைக்கவில்லை. கண்ணையனுக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு எந்தச் சந்தில் நடப்பது, எதில் நடக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவர் யாருமில்லை. செருப்பைக் கழற்றி வைத்தாள். சேலையை வாரிச் செருகிக்கொண்டு, மண்டியிட்டு அந்த இருட்டுக்குள் நுழைந்தாள்.

"தே, பாம்பு இருக்கும்மா, அங்க இன்னாத்துக்குப் போறீங்க?" என்றான் கண்ணையன்.

"வுடு. பாவம், புத்தி பேதலிச்சிருக்குது" என்றான் சிங்காரவேலு. இரண்டு பேரும் வாய்க்கால் தாண்டிச் சுப்புராயன் கொல்லைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு சந்து முடிந்து அடுத்த சந்து என்று அந்தப் பட்டணத்துக்காரி எத்தனை சந்து ஊர்ந்தாளோ தெரியாது. கரும்பு குரலைக் குடித்துவிடும். அவள் கத்த ஆரம்பித்து வெகு நேரம் கழித்துத்தான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"யாராவது வாங்க. இங்க ஒருத்தர் இருக்கார். உயிர் இருக்கு."

சிங்காரவேலு ஓடினான். வாய்க்காலில் விழுந்து எழுந்து ஓடினான். திறந்த சந்தில் நின்றால் குரல் பக்கத்தில் கேட்கிறது. நடுவில் சுவர் மாதிரி அவன் கட்டின கரும்பு. கண்ணையன் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கி வெட்டினான். மழையில் நனைந்து முறுக்கேறின கட்டு, ஒரு வெட்டுக்கு அறுபடவில்லை. கட்டை வெட்டாமல் கரும்பையே வெட்டினான். பிள்ளை மாதிரி வளர்த்த கரும்பு இரண்டு பக்கமும் விழுந்தது. "வந்துட்டேன்டா, வந்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே வெட்டினான்.

வழி திறந்தபோது ஜெயமணி பலராமனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கண் திறந்திருந்தது. கண்ணையன் குனிந்து மூக்கில் கை வைத்தான். கையை எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

"இப்பத்தான்" என்றாள் அவள். "நீங்க வெட்டற சத்தம் கேட்டப்பகூட மூச்சு இருந்துச்சு."

நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. இடது கால் திரும்பிக் கிடந்தது. கண்ணையன் கொல்லையிலிருந்து ஊர்ந்தே வந்திருக்கிறான், தன் கொல்லை என்று தெரிந்து வந்திருக்கிறான். வெயிலுக்கோ மழைக்கோ இந்தக் கூரைக்குள் நுழைந்தவனுக்குத் திறந்த சந்துக்கு வர முடியவில்லை. பக்கத்திலிருந்த தோகைக் கட்டின்மேல் நகம் பட்ட கீறல்கள் இருந்தன. தோகை கொஞ்சம் பிய்ந்திருந்ததே தவிர கட்டு இளகவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் முறித்த கரும்பும் மென்று துப்பின சக்கையும் கிடந்தன. மேலே கிடந்த சக்கை இன்னும் ஈரமாக இருந்தது.

சிங்காரவேலு சக்கையைப் பார்த்தான். பிறகு தம்பியின் கையைப் பார்த்தான். சிவப்பு வார் வைத்த டயர் செருப்பு ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

ஜெயமணி கண்ணையனைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு யார் யாரென்று தெரியாது. "இவருக்கு அண்ணன் ஒருத்தர் இருக்காராம். அவருக்குச் சொல்லி அனுப்புங்க. குரலே வரல, காது வச்சுத்தான் கேட்டேன். நேத்து சாயங்காலம் அண்ணன் இங்க வந்தாராம். கூப்பிட முடியாம கரும்பை ஒடிச்சுக் காட்டினாராம். அப்புறம் மயக்கம் வந்துடுச்சாம். அண்ணன் செருப்பை விட்டுட்டுப் போயிட்டார், புதுச் செருப்பு, எடுக்கக் கண்டிப்பா வருவார், நான் இங்கேயே இருக்கேன்னு சொன்னார். நான் வாங்கி வச்சுக்கறேன்னு சொன்னேன். குடுக்கமாட்டேன்னுட்டார்."

கண்ணையன் சிங்காரவேலுவின் கால்களைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். சேறும் ரத்தமுமாக வெறுங்கால். பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாந்தாம்மா அவன் அண்ணன்" என்றான் சிங்காரவேலு. பிறகு, "கோவமா சொன்னானாம்மா?" என்று கேட்டான்.

"இல்லைங்க" என்றாள் அவள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. தன் புருஷனுக்காக அதுவரை வராத அழுகை. "தைரியமாத்தான் சொன்னார்."

சிங்காரவேலு சேற்றில் மண்டியிட்டு, அந்தச் செருப்பை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான், அப்போதும் வரவில்லை. ஒரு கட்டைக்கூட இறுகக் கட்டத் தெரியாத பையன் அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தான். கண்ணையன் வந்து தோளைத் தொட்டு, "வுடு மாமா, அவங்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.